களவுபோன இருபத்தாறு ஹேர்ட்ஸ்

இறாத்தலைக் கிலோவாக்கினார்கள், பொறுத்துக்கொண்டோம். துணி அளந்த யார்க்கணக்கை மீற்றராக்கினார்கள், அதையும் பொறுத்துக்கொண்டோம். மைலும் போய், கலனும் போய், நாடு முழுவதும் மாற்றி முடித்து, மாலை போட்டுக் கைதட்டிய பிறகுதான் ஒரு சங்கடம் தெரிந்தது. மாற்றுவதற்கென்று நியமித்த அதிகாரிகள் மீதமிருந்தார்கள். அவர்களை எதுவாக மாற்றுவது என்று யாருக்கும் தெரியவில்லை.

அவர்களுக்காகத் தோண்டி எடுத்ததுதான் மீடிறன். ஒரு காரியம் திரும்பத் திரும்ப எத்தனை தரம் நடக்கிறது என்ற கணக்குக்குப் படித்தவர்கள் வைத்த பெயர் அது. சக்கரம் சுற்றுவது, மணி அடிப்பது, கம்பியில் மின்சாரம் துடிப்பது எல்லாம் இதற்குள் அடக்கம். சிலர் நிமிடத்துக்கு இத்தனை என்கிறார்கள், சிலர் செக்கனுக்கு இத்தனை என்கிறார்கள், இந்த ஒழுங்கீனம் சுதந்திர நாட்டுக்கு அழகா என்று கொழும்பில் யாரோ ஒருவர் கேட்டுவிட்டார். உடனே மீடிறன் அலகு ஒருங்கமைப்புச் சபை பிறந்தது. இனி எதுவானாலும் ஹேர்ட்ஸில்தான் சொல்லவேண்டும், அதாவது செக்கனுக்கு எத்தனை தரம் என்று. கண்டியில் வாவிக்குப் பின்னாலுள்ள ஏற்றத்தில் ஒரு பழைய தகரக்கூரைக் கட்டடத்தைப் பிடித்துக் கிளைக் கந்தோரும் திறந்தார்கள். பெயர்ப்பலகை கட்டடத்தைவிட நீளமாக இருந்ததால் ஒரு பக்கம் பலாமரத்தில் கட்டவேண்டி வந்தது.

இதெல்லாம் திகன சந்தியில் மிளகாய் அரைத்துக்கொண்டிருந்த பியட்றிஸுக்குத் தெரியாது. தேயிலைத் தோட்டத்திலிருந்து இறங்கி வந்து, இருந்த நகையை விற்று, பழைய மோட்டர் ஒன்றை வாங்கி, அவளும் புருசன் சுவக்கினும் சேர்ந்து நிமிர்த்திய மில் அது. அரிசி, மிளகாய், மல்லி எதுவானாலும் சந்தியில் அவளிடம்தான் வரவேண்டும். பியட்றிஸ் நல்ல கத்தோலிக்கப் பெண். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் எல்லாரையும் மன்னித்துவிடுவாள். திங்கட்கிழமை காலையில் மன்னித்தவர்களை மறுபடி ஒருமுறை நினைத்துப் பார்த்துக்கொள்வாள்.

டிசெம்பர் பிறந்து, நத்தார்ப் பண்டிகைக்கு அரிசி இடிக்க ஊர் திரளும் நேரத்தில் சபையின் ஜீப் வந்து நின்றது. இறங்கியவர் பிராந்திய அத்தியட்சகர் சுந்தரலிங்கம். யாழ்ப்பாணத்துக்காரர், கழுத்து வரைக்கும் பொத்தான் பூட்டியவர். பின்னாலே ஈய முத்திரையும் கம்பியும் குறடும் தூக்கிக்கொண்டு அழகர். ஜீப் ஓட்டுவது, முத்திரை குத்துவது, ஐயாவுக்குத் தேத்தண்ணி ஊற்றுவது எல்லாம் அழகர்தான்.

சுந்தரலிங்கம் மோட்டரின் நெற்றியில் அடித்திருந்த தகட்டைக் கைலேஞ்சியால் துடைத்து வாசித்தார்.

“நிமிசத்துக்கு ஆயிரத்து நானூற்றி நாப்பது சுற்று. அறுபதாலை பிரிச்சால் இருபத்துநாலு ஹேர்ட்ஸ். சரியோ?”

“நீங்க சொன்னா சரிதாங்க ஐயா,” என்றாள் பியட்றிஸ்.

“கரண்ட் எத்தினை ஹேர்ட்ஸிலை வருது எண்டு தெரியுமோ உமக்கு?”

“மாசா மாசம் பில்லுல வருதுங்க.”

“ஐம்பது! அரசாங்கம் உமக்கு ஐம்பது தருது. உம்மடை மோட்டர் காட்டுறது இருபத்துநாலு. மிச்சம் இருபத்தாறும் எங்கை?”

பியட்றிஸ் குனிந்து மோட்டருக்கு அடியில் பார்த்தாள். சுவக்கின் பதறிப்போய் மாப்பெட்டிக்குள் கையை விட்டுத் துழாவினான். அப்பாவி மனுசன், அரசாங்கத்துச் சாமான் ஏதோ தங்கள் மில்லுக்குள் விழுந்துவிட்டது என்றே நினைத்தான்.

கம்பியில் துடிப்பது ஒரு கணக்கு, மோட்டர் சுற்றுவது வேறொரு கணக்கு. ஐம்பது துடித்தால் இருபத்துநாலு சுற்றுவதுதான் அந்த வகை மோட்டரின் சுபாவம். உலகமெங்கும் அது அப்படித்தான் சுற்றுகிறது, யாரும் எதையும் திருடவில்லை. வயரிங் வேலை செய்கிற எவரிடமாவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். ஆனால் சபையில் கேள்வி கேட்பதற்கு ஒரு பிரிவு இன்னும் திறக்கப்படவில்லை.

“ஒளிச்சு வைச்சிருக்கிறீர், இல்லாட்டி ஆருக்கோ வித்திருக்கிறீர். அழகர், முத்திரை வை!”

சுவிட்சிலிருந்து மோட்டர் வரை கம்பி சுற்றி, ஈயத்தை நசுக்கி, அழகர் முத்திரை வைத்தான். வாசலில் மிளகாய்ப் பையோடு நின்ற சனம், பியட்றிஸ் எதையோ களவெடுத்து மாட்டிக்கொண்டாள் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போயிற்று. மில் நின்றதைவிட அவளுக்கு அந்த முகங்கள் திரும்பியதுதான் சுட்டது.

மறுநாள் பஸ் பிடித்துக் கண்டிக்குப் போனாள். சபைக் கந்தோரில் காற்றாடி சுழன்றது, மணிக்கூடு அடித்தது, அலுமாரிகள் நிறையக் கோப்புகள் இருந்தன. சுந்தரலிங்கம் கதிரையில் சாய்ந்து அவளுக்கு விளக்கம் தந்தார்.

“இந்த மலைநாட்டிலை எவ்வளவு ஹேர்ட்ஸ் வீணாப் போகுது தெரியுமோ? நான் வந்த பிறகு ஆயிரக்கணக்கிலை மீட்டுப் போட்டன்.”

“மீட்டதெல்லாம் எங்கங்க ஐயா?”

“கோப்பிலை. எல்லாம் பத்திரமா இருக்கு. ஒரு ஹேர்ட்ஸ்கூட வெளியிலை போகாது.”

“என் மில்ல எப்பங்க தொறப்பீங்க?”

“காணாமல் போனதைக் கொண்டுவந்து தாரும், திறக்கிறன். இன்னொரு விசயம் சொல்லுறன், கேளும். முத்திரை விழுந்த சாமான், அந்த மாதம் முடியிறதுக்கிடையிலை ஓடாட்டில், கைவிட்ட சாமான். கைவிட்ட சாமான் சபைக்குச் சொந்தம்.”

“நீங்க பூட்டுனதாலதானே ஐயா ஓடல?”

“பூட்டினது அமுலாக்கப் பிரிவு. ஓடாததைக் கண்டுபிடிக்கிறது அவதானிப்புப் பிரிவு. இரண்டுக்கும் சம்பந்தமில்லை.”

“அவதானிப்புப் பிரிவுல யாருங்க ஐயா இருக்கா?”

“அதுவும் நான்தான்,” என்றார் சுந்தரலிங்கம், கொஞ்சம் வெட்கத்தோடு.

பியட்றிஸுக்குத் தலை சுற்றியது. எத்தனை ஹேர்ட்ஸில் சுற்றியது என்று அவர் கேட்பதற்குள் எழுந்து வந்துவிட்டாள்.

ஆனாலும் அவள் கெஞ்சிப் பார்க்காமல் விடவில்லை. மறுபடி போனாள், சுவக்கினையும் கூட்டிப் போனாள், கோழி ஒன்றையும் கொண்டு போனாள். கோழியைப் பெற்றுக்கொண்ட சுந்தரலிங்கம் மனமிரங்கி ஒரு வழி சொன்னார். அரைக்கிற கல் செக்கனுக்கு ஐம்பது தரம் சுற்றிக் காட்டினால் முத்திரையை எடுத்துவிடலாமாம். பரிசோதனைக்காக முத்திரையைத் தற்காலிகமாக அவிழ்த்தார்கள். சுவக்கின் மோட்டரில் பெரிய கப்பி ஒன்றை மாட்டி, வாரைப் புதிதாக இழுத்துப் பூட்டி, கல்லின் வேகத்தை ஏற்றினான். எதிர்க் கடை ஹலீம் நானா தன்னுடைய செத்தல் மிளகாயைப் பரிசோதனைக்கு அன்பளிப்புச் செய்தார்.

மில் அன்று அரைத்ததுபோல் என்றைக்கும் அரைத்ததில்லை. அலறியது, குதித்தது, மிளகாயைத் தூளாக்காமல் புகையாக்கியது. மா விழும் துணிப்பை வெடித்து, செக்கச்சிவந்த மேகம் ஒன்று எழும்பிச் சந்தி முழுவதும் இறங்கியது. கண்டிக்குப் போன பஸ்ஸில் இருந்தவர்கள்கூடத் தும்மினார்கள். சுந்தரலிங்கம் கண்ணைத் திறக்க முடியாமல் தூணைப் பிடித்துக்கொண்டு, இருமலுக்கு நடுவில் அழகருக்குச் சொல்லி எழுதுவித்தார்: ‘ஹேர்ட்ஸ் காற்றில் தப்பி ஓடுவது கையும் களவுமாகப் பிடிபட்டது.’ அதற்குத் தண்டனையாக முத்திரை இரண்டாக்கப்பட்டது.

“அல்லாவே, இவனுக்கு இவ்வளவு தும்மியும் புத்தி வரல்லியே!” என்றார் ஹலீம் நானா.

பியட்றிஸ் தும்மவில்லை. மிளகாய்த் தூள் படிந்த முகத்தோடு அந்த இரண்டு முத்திரைகளையும் பார்த்துக்கொண்டு நின்றாள். அதுவரை அவளுக்குப் பயம்தான் இருந்தது. அந்த இடத்தில் பயம் போய்விட்டது. இந்த மனுசன் அழவேண்டும், அதைத் தான் பார்க்கவேண்டும் என்ற ஆசை ஒன்றுதான் மிச்சமிருந்தது.

“விடு பியட்றிஸ், ஆண்டவர் பாத்துக்குவாரு,” என்றான் சுவக்கின்.

“ஆண்டவருக்கு ஆயிரம் வேல. இத நான் பாத்துக்கிறேன்.”

சபைச் சுவரில் பெரிய எழுத்தில் ஓர் அறிவித்தல் தொங்கியது. பொதுமக்கள் வாய்முறைப்பாடு எதுவும் தட்டிக்கழிக்கப்படமாட்டாது, ஐம்பதுக்குக் குறைவாக ஓடுவது எதுவாயினும் கண்ட இடத்திலேயே முத்திரையிடப்படும் என்று. அடுத்த தடவை பியட்றிஸ் கெஞ்சவில்லை. அதற்குக் கீழேபோய் நின்று அண்ணாந்து பார்த்தாள்.

“ஐயா, ஒரு முறைப்பாடுங்க. மேல ஓடுதே காத்தாடி, அது நிமிசத்துக்கு எத்தன சுத்து?”

சுந்தரலிங்கம் அண்ணாந்தார். அழகரும் அண்ணாந்தான். காற்றாடியின் பெட்டியைத் தேடிப் பார்த்ததில் முந்நூறு என்று இருந்தது. அறுபதால் பிரித்தால் ஐந்து. நாற்பத்தைந்து ஹேர்ட்ஸைக் காணவில்லை. கந்தோரின் தலைக்கு மேலேயே இவ்வளவு நாளும் நடந்த களவு! அழகர் மேசைமேல் ஏறி முத்திரை வைத்தான். அவன் முகத்தில் ஒரு சிரிப்பு ஓடி மறைந்ததைப் பியட்றிஸ் பார்த்தாள்.

இன்னொரு நாள் வந்து மணிக்கூட்டைக் காட்டினாள். செக்கனுக்கு ஒரு தட்டு, ஒரே ஒரு ஹேர்ட்ஸ். முத்திரை. அதன்பிறகு கந்தோரில் யாருக்கும் சாப்பாட்டு நேரமும் தெரியவில்லை, வீட்டுக்குப் போகிற நேரமும் தெரியவில்லை. அதற்குப் பிறகு வந்து ஜீப்பைக் காட்டினாள். நிறுத்தி வைத்து எஞ்சினை ஓடவிட்டால் நிமிடத்துக்கு அறுநூறு என்று அழகரே ஆர்வமாகச் சொன்னான். பத்து ஹேர்ட்ஸ். முத்திரை. சுந்தரலிங்கம் ஏற்றத்தில் நடந்து வந்து, தகரக்கூரையின் கீழ் காற்றாடி இல்லாமல் வேர்த்து வடிந்து, நேரம் தெரியாமல் உட்கார்ந்திருந்தார். பியட்றிஸுக்குச் சந்தோசமாக இருந்தது. ஐயோ பாவம் என்று ஒரு துளிகூடத் தோன்றவில்லை.

ஆனால் அதிகாரிகளை அவ்வளவு சுலபமாக அழவைக்க முடியாது. தன் கந்தோருக்குள்ளேயே அஞ்சாமல் பாய்ந்து களவு பிடித்த வீரப்பிரதாபத்தைச் சுந்தரலிங்கம் கொழும்புக்கு விவரமாக அறிவித்துவிட்டார். கொழும்பு புல்லரித்துப்போயிற்று. சபையின் தவிசாளரே நேரில் வந்து அவருக்குக் கேடயமும் பதவி உயர்வும் தரப்போகிறார் என்று பதில் வந்தது. விழா நத்தார் முடிந்து இரண்டாம் நாள். அன்றைக்கே இன்னொரு நல்ல காரியமும் செய்ய இருந்தார்கள். திகனயிலுள்ள கைவிடப்பட்ட மில் ஒன்றை மாதம் முடிந்ததும் சபை பொறுப்பேற்கும் என்று தவிசாளர் அறிவிப்பார்.

“ஓங்க முறைப்பாடெல்லாம் அவருக்கு ஏணியாப் போச்சு அக்கா,” என்று அழகர் ரகசியமாகச் சொன்னான்.

நத்தார்ப் பூசைக்குப் பியட்றிஸ் மில் ஓடாமல் வெறுங்கையோடு போனாள். மனம் பூசையில் இல்லை. தான் வெட்டிய குழியின் மண்மேட்டில் அந்த மனுசன் ஏறி நின்று மாலை போட்டுக்கொள்கிறானே என்று பல்லைக் கடித்துக்கொண்டு முழந்தாளில் இருந்தாள். பாவசங்கீர்த்தன மந்திரம் வந்தது. ‘என் பாவமே, என் பாவமே, என் பெரும் பாவமே’ என்று எல்லாரும் கைமுட்டியால் நெஞ்சில் தட்டிக்கொண்டார்கள். அவளும் தட்டினாள். தட்டிய கையை எடுக்காமல் அப்படியே வைத்திருந்தாள். கைக்கு அடியில் உள்ளே ஒன்று, தன்பாட்டுக்கு, விடாமல் தட்டிக்கொண்டிருந்தது. அவள் மனதுக்குள் அறுபதால் பிரித்துப் பார்த்தாள்.

பக்கத்தில் இருந்த சுவக்கின், மனைவி இவ்வளவு பக்தியாகச் சிரித்து என்றைக்கும் பார்த்ததில்லை.

விழாவன்று தகரக்கூரையின் கீழ் சனம் நெருக்கியடித்து வெந்துகொண்டிருந்தது. காற்றாடி முத்திரையோடு தொங்கியது. நேரம் தெரியாததால் சிலர் காலையிலிருந்தே உட்கார்ந்திருந்தார்கள். தவிசாளர் கோட்டு அணிந்து, சங்கிலி போட்ட பைக்கடிகாரத்தோடு எழுந்து பேசினார்.

“மக்கள் எங்களைக் கேட்கிறார்கள், நீங்கள் என்ன உற்பத்தி செய்கிறீர்கள் என்று. நாங்கள் ஒழுங்கை உற்பத்தி செய்கிறோம். இந்தப் பிராந்தியத்தில் முன்பு நாற்பது மில் ஓடியது, ஒன்றிலும் ஒழுங்கில்லை. இன்று ஒன்றும் ஓடவில்லை. முழுமையான ஒழுங்கு நிலவுகிறது!”

கந்தோர் ஊழியர்கள் கைதட்டினார்கள். அடுத்துச் சுந்தரலிங்கம் மாலையோடு எழுந்தார். ஒரு கையை நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

“நான் தனக்கெண்டு வாழுற மனுசன் இல்லை. என்ரை நெஞ்சு இந்தச் சபைக்காகத்தான் துடிக்குது. இரவு பகல் இடைவிடாமல் துடிக்குது!”

பியட்றிஸ் எழுந்து நின்றாள்.

“ஒரு வாய்முறைப்பாடுங்க,” என்றாள். “ஐயா நெஞ்சு துடிக்கிது துடிக்கிதுன்னு சொல்றாங்களே, அது நிமிசத்துக்கு எத்தன தரம் துடிக்கிதுன்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க.”

சுந்தரலிங்கம் சிரிக்கப் பார்த்தார், சிரிப்பு வரவில்லை. தவிசாளர் சுவரிலிருந்த அறிவித்தலைப் பார்த்தார். தட்டிக்கழிக்கப்படமாட்டாது என்று அவருடைய கையெழுத்தோடுதான் அது தொங்கியது. அவர் பைக்கடிகாரத்தை எடுத்துக்கொண்டு போய்ச் சுந்தரலிங்கத்தின் மணிக்கட்டைப் பிடித்தார். பயத்தில் நாடி ஓடு ஓடென்று ஓடியது.

“தொண்ணூறு,” என்றார் தவிசாளர்.

“அறுபதால பிரிச்சா ஒன்னரைங்க,” என்றாள் பியட்றிஸ். “பிரிக்கிறதுக்கு ஐயாதான் சொல்லிக் குடுத்தாங்க. ஐம்பதுல மிச்சம் நாப்பத்தெட்டரையும் எங்க?”

“ஐயா, இது மனிச நெஞ்சு! இதிலை கரண்டே இல்லை!”

தவிசாளர் யோசித்தார். “மிஸ்டர் சுந்தரலிங்கம், அறிவித்தலில் ‘எதுவாயினும்’ என்று இருக்கிறது. அதை எழுதி என் கையெழுத்துக்கு அனுப்பியதே நீர்தான். உமக்கு விதிவிலக்குத் தந்தால், நாளைக்கு மில்லுக்கும் தரவேண்டி வரும். அப்புறம் நாங்கள் எதற்கு? அழகர், முத்திரை வையும்.”

அழகர் அன்றைக்கு வேலை செய்த அழகை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். சட்டையின் கழுத்துப் பொத்தான் துளையில் கம்பியைக் கோத்து, நெஞ்சுக்கு நேரே ஈயத்தைத் தொங்கவிட்டு, குறடால் நிதானமாக நசுக்கினான். தவிசாளர் பிறகு ஒரு காரியம் செய்தார். தன்னுடைய கையையும் யாராவது நாடி பார்க்கக் கேட்டுவிடுவார்களோ என்று இரண்டு கைகளையும் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டார். கேடயத்தைத் தன் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மிச்சச் சட்டத்தை அவசர அவசரமாகச் சொல்லி முடித்தார். குறைபாடுள்ள ஒன்று உற்பத்தி செய்த எதுவும் செல்லாது, ஆகவே சுந்தரலிங்கம் பிறப்பித்த கட்டளை எதுவும் செல்லாது. முத்திரை விழுந்த சாமான் மாத முடிவுக்குள் ஓடாவிட்டால் சபைக்குச் சொந்தம், அது அத்தியட்சகருக்கும் பொருந்தும். முறைப்பாடு செய்தவர் தன் வாயால் வாபஸ் வாங்கினாலொழிய முத்திரையை எடுக்க முடியாது. இவ்வளவையும் சொல்லிவிட்டுக் கொழும்புக்குப் புறப்பட்டுவிட்டார்.

அன்று பின்னேரமே அழகர் பஸ் ஏறித் திகனக்கு வந்து மில்லின் இரண்டு முத்திரையையும் வெட்டினான். சுவக்கின் பழைய கப்பியை மாட்டினான். சனம் பையோடு திரும்பி வந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவர்கள் இப்போது முகம் கொள்ளாத சிரிப்போடு வந்தார்கள். பியட்றிஸ் ஒவ்வொருவரையும் நன்றாகப் பார்த்து வைத்துக்கொண்டு அரைத்துக் கொடுத்தாள்.

சுந்தரலிங்கத்துக்குக் கந்தோரில் கதிரை இல்லை, கையெழுத்து இல்லை. சரக்கு அறையில் பிடித்த சாமான்களோடு அவருக்கும் ஒரு மூலை ஒதுக்கியிருந்தார்கள். நெஞ்சை ஐம்பதுக்கு ஏற்றிவிடலாம் என்று வாவியைச் சுற்றி ஓடிப் பார்த்தார். மூச்சு முட்டி விழுகிற அளவுக்கு ஓடியும் இரண்டரைக்கு மேல் போகவில்லை.

கடைசியில் ஒரு பின்னேரம் திகனக்கு வந்தார். ஈயம் நெஞ்சில் ஆட, மில் வாசலில் நின்று ஏதோ சொன்னார். மில் ஓடும்போது யார் சொல்வதும் யாருக்கும் கேட்காது.

ஹலீம் நானா தன் கடையிலிருந்து கூப்பிட்டுச் சொன்னார். “மாத்தயா, இங்க பை வச்சாத்தான் வரிசை. பை இல்லாத ஆளோட அவ பேச மாட்டா.”

சுந்தரலிங்கம் ஹலீம் நானாவிடமே மிளகாய் வாங்கி, பையை வரிசையின் கடைசியில் வைத்தார். முன்னால் நிறையப் பை இருந்தது. பியட்றிஸ் அவசரப்படவில்லை. ஒவ்வொரு பையையும் இரண்டு தரம் அரைத்தாள். இடையில் கல்லைத் துடைத்தாள். சுவக்கின் மட்டும் நெளிந்துகொண்டு, “பாவம்டி, அவரையும் பாரேன்,” என்றான். அவள் காதில் வாங்கவில்லை.

வரிசை நகர்ந்து, மைம்மல் பொழுதாகி, சந்தியில் விளக்குகள் ஏற்றும் நேரத்தில் சுந்தரலிங்கத்தின் முறை வந்தது. பையை இரண்டு கையாலும் தூக்கிக் கொடுத்தார். கண் கலங்கியிருந்தது.

“தங்கச்சி,” என்றார், “உங்கடை வாயாலை ஒரு சொல்லு...”

பியட்றிஸ் சுவரிலிருந்த மெயின் சுவிட்சை இறக்கினாள். மில் முனகி நின்றது. மில்லுக்குள் இருட்டாயிற்று.

“கரண்டு போயிருச்சுங்க ஐயா,” என்றாள். “நாளைக்கு வாங்க.”

அன்று முப்பத்தோராம் திகதி. எதிரே ஹலீம் நானாவின் கடையில் பல்ப் பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது.